புரோக்ஸ்மாக்ஸ் விஇ: நெட்வொர்க் பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு விமர்சனம்

புரோக்ஸ்மாக்ஸ் என்பது ஒரே சர்வரில் பல விஎம்களை, அதாவது மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் மென்பொருள். அதை நிறுவுவது கால் மணி நேர வேலை. அதில் ஒரு விஎம் உருவாக்குவது இன்னும் சுருக்கமான வேலை. ஆட்கள் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த படியில்தான். விஎம் ஓடுகிறது, விண்டோஸ் திரை தெரிகிறது, ஆனால் இணையம் இல்லை. அல்லது இணையம் இருக்கிறது, பக்கத்து மேசைக் கணினியிலிருந்து அந்த விஎம்மைத் தொட முடியவில்லை. எனக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். அதனால் ஸ்டோரேஜ், பேக்கப், கிளஸ்டர் எதையும் இங்கே தொடவில்லை. ஒரு லினக்ஸ் சர்வரில் பல விஎம்களை வைத்து அவற்றுக்கு நெட்வொர்க் கொடுக்கும் வேலையை இந்த மென்பொருள் எப்படிச் செய்கிறது, அது மட்டும்.

நான் இருப்பது கோலாலம்பூரில். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் பக்கம் சின்ன ஆபீஸ்களுக்கு சர்வர் வைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில், சில வாடிக்கையாளர்களுக்குப் பினாங்கிலும் கிளை உண்டு. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் கணக்காளர் ஆபீஸ், லாரி நிறுவனம், மருந்துக் கடை, இந்த அளவுதான். இவர்களிடம் சர்வர் பேச்சு கூடியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2023 நவம்பரில், இதே வேலைக்குப் பலர் வைத்திருந்த விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் வாங்கியது. அதன் பிறகு, ஒருமுறை காசு கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றினார்கள், சின்ன ஆபீஸ்காரர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இன்னொன்று, உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் முறை. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகக் கீழே வந்ததால், ஒரு மேசைக் கணினியில் கணக்கு மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது அதை ஒழுங்கான இடத்தில் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. புரோக்ஸ்மாக்ஸ் விஇ வியன்னாவில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் மென்பொருள், முதல் பதிப்பு 2008இல் வந்தது, டெபியன் என்ற லினக்ஸ் மேல் கட்டப்பட்டது, உள்ளே விஎம்களை ஓட்டுவது லினக்ஸின் மையமான கர்னலில் உள்ள கேவிஎம். திறந்த மூலம். பிரவுசரில் சர்வரின் ஐபியைப் போட்டு 8006 போர்ட்டுக்குப் போனால் எல்லா வேலையும் அங்கேயே நடக்கும். 2025 ஆகஸ்டில் வந்த 9ஆம் பதிப்பு டெபியன் 13ஐ அடிப்படையாகக் கொண்டது.

நெட்வொர்க் விஷயத்தில் நான் இதை நம்புவதற்கு ஒரே காரணம், இது லினக்ஸில் ஏற்கெனவே இருப்பதை மறைக்காமல் அப்படியே பயன்படுத்துகிறது. விஎம்களையும் கார்டையும் இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்சான பிரிட்ஜ் என்றால் கர்னலின் சாதாரண பிரிட்ஜ். அமைப்பு என்றால் ஈடிசி அடைவுக்குள் நெட்வொர்க் என்ற அடைவில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் என்ற எழுத்துக்கோப்பு, டெபியன்காரர்களுக்குப் பல வருஷமாகத் தெரிந்த அதே கோப்பு. பிரவுசரில் பிரிட்ஜ், ஐபி என்று எதை மாற்றினாலும் கடைசியில் அந்தக் கோப்பில்தான் போய் விழுகிறது. அதனால் ஒருநாள் பிரவுசர் திறக்கவே இல்லை என்றாலும், சர்வரில் ஒரு கீபோர்டும் ஒரு திரையும் மாட்டி, கோப்பைத் திறந்து படித்து, எங்கே அடைப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். வாடிக்கையாளரின் மாடி ஆபீஸில் வேர்த்து விறுவிறுத்து நிற்கும்போது இந்த ஒன்றுதான் நமக்குக் கை கொடுக்கும்.

இதற்கு மாற்றாகப் பலர் உபுண்டு சர்வரில் விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் போட்டு, அதற்கான திரையான விர்ட்-மேனேஜர் வழியாக விஎம் ஓட்டுகிறார்கள். அதுவும் அதே கேவிஎம்தான், நல்ல மென்பொருள், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் நிறுவியவுடன் அது கொடுப்பது நாட் நெட்வொர்க், அதாவது விஎம்கள் எல்லாம் சர்வரின் ஐபிக்குப் பின்னால் இருந்துகொண்டு வெளியே போகும் ஏற்பாடு. விர்பிஆர்0 என்று ஒரு பிரிட்ஜ், 192.168.122 என்று தொடங்கும் ஐபிகள், உள்ளே டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன நிரல் டிஎச்சிபி முறையில் அவற்றைத் தானாக வழங்கிக்கொண்டிருக்கும். விஎம்முக்கு உடனே இணையம் வந்துவிடும், வைத்தவருக்கும் திருப்தி. மறுநாள் ஆபீஸில் உள்ளவர்கள் கணக்கு மென்பொருளைத் திறக்கிறார்கள், சர்வர் கிடைக்கவில்லை என்கிறது. கிடைக்காது, ஏனென்றால் விஎம் அந்த நாட் நெட்வொர்க்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அது வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் அதற்குள் வர முடியாது. மடிக்கணினியில் விஎம் வைத்துப் படிக்கிற மாணவருக்கு இந்த ஏற்பாடு சரி, பத்துப் பேருக்குச் சேவை கொடுக்க வேண்டிய சர்வருக்கு ஆகாது. அப்புறம் பிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும், அதற்கு உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளான் கோப்பைத் தொட வேண்டும், அதில் உள்தள்ளல் ஒரு இடம் பிசகினால் போச்சு.

செந்தூலில் ஒரு லாரி நிறுவனத்தில் இந்த வகை சர்வர்தான் இருந்தது, நாட் எல்லாம் எடுத்துவிட்டு பிரிட்ஜுக்கு மாற்றி நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று. ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். “தம்பி, கணக்கு சர்வர் யாருக்குமே வரல, ஆனா மெஷின் ஓடுது, லைட் எல்லாம் எரியுது.” போய் உட்கார்ந்து பார்த்தால், சர்வரிலிருந்து விஎம்முக்கு பிங் போகிறது, பதிலும் வருகிறது. பக்கத்து மேசையிலிருந்து போகவில்லை. விஎம்மிலிருந்து ரௌட்டருக்கும் போகவில்லை. “அண்ணே, நேத்து யாராவது இதைத் தொட்டாங்களா?” என்று கேட்டேன். “ஒரு பையன் வந்து லாரி எங்க நிக்குதுன்னு பாக்குற சாப்ட்வேர் போட்டான், அவ்வளவுதான்” என்றார். அவ்வளவேதான். அந்த மென்பொருளுக்காக, மென்பொருள்களைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டாக்கர் என்ற கருவி சர்வரிலேயே நிறுவப்பட்டிருந்தது. டாக்கர் தன் பாதுகாப்புக்காக ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் ஃபயர்வாலில், சர்வரைக் கடந்து போகும் போக்குவரத்துக்கான ஃபார்வர்ட் விதிச் சங்கிலியின் இயல்பை டிராப், அதாவது தூக்கி எறி, என்று மாற்றிவிடும். பிரிட்ஜ் வழியாகப் போகும் பாக்கெட்டுகள் என்ற தரவுத் துண்டுகளையும் ஐபிடேபிள்ஸ் பார்க்கும்படி கர்னலில் ஒரு அமைப்பு இருக்கிறது, அது 1 என்று இருந்தால் பிரிட்ஜில் போய்க்கொண்டிருந்த விஎம்களின் போக்குவரத்து மொத்தமும் அந்தச் சங்கிலியில் விழுந்து செத்துவிடும். சர்வரே நேராக விஎம்மிடம் பேசுவது அந்தச் சங்கிலிக்குள் வராததால் பிங் மட்டும் வேலை செய்கிறது. சர்வரிலிருந்து போகிறது, மற்ற இடங்களிலிருந்து போகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

புரோக்ஸ்மாக்ஸிலும் இதே ஆபத்து உண்டு, டெபியன்தானே, யாரும் டாக்கரை நேராக அதில் நிறுவலாம். ஆனால் புரோக்ஸ்மாக்ஸ் வந்த பிறகு, டாக்கர் வேண்டுமென்றால் அதற்கென ஒரு விஎம் போடுவது மிகச் சுலபமாக இருப்பதால், வருகிற பையன்கள் யாரும் அடி இயந்திரத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை. அந்த லாரி நிறுவனத்தையும் இதற்கு மாற்றிவிட்டேன். லாரி மென்பொருளுக்குத் தனி விஎம், அந்தப் பையனிடம் அந்த விஎம்மின் கடவுச்சொல் மட்டும் இருக்கிறது.

சரி, புரோக்ஸ்மாக்ஸ் என்ன கொடுக்கிறது என்று பார்ப்போம். நிறுவும்போதே ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் கேட்கும். நிறுவி முடிந்ததும் விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜ் தயாராக இருக்கும், உங்கள் நெட்வொர்க் கார்டு அதில் ஒரு போர்ட்டாகச் சேர்ந்திருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, சர்வரின் ஐபி கார்டில் இருக்காது, பிரிட்ஜில் இருக்கும். கோப்பைத் திறந்தால் கார்டின் பெயருக்கு எதிரே மேனுவல் என்று மட்டும் இருக்கும், முகவரி, கேட்வே எல்லாம் விஎம்பிஆர்0க்குக் கீழே. கையால் பிரிட்ஜ் கட்டப் போகிறவர்கள் கார்டிலும் ஐபி வைத்துவிட்டு, பிரிட்ஜிலும் வைத்துவிட்டு, ஏன் பாதி நேரம் வேலை செய்கிறது பாதி நேரம் செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருக்கும், எஸ்டிபி ஆஃப், எஃப்டி 0 என்று. எஸ்டிபி என்பது நெட்வொர்க்கில் சுழற்சி வராமல் தடுக்கும் முறை, எஃப்டி என்பது காத்திருக்கும் நேரம். எஸ்டிபி ஓடும் பிரிட்ஜில் ஒரு போர்ட் எழுந்தால் 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், அதற்குப் பிறகுதான் பாக்கெட்டை விடும். அந்த அரை நிமிடத்தில் விஎம்மின் டிஎச்சிபி கோரிக்கை காலாவதியாகி, 169.254 என்று ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். புரோக்ஸ்மாக்ஸ் இதை முதலிலேயே அணைத்து வைக்கிறது.

விஎம்முக்கு நெட்வொர்க் கார்டு கொடுக்கும்போது, விஎம்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ வகையைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் விஎம்முக்கு அது அப்படியே போதும். விண்டோஸுக்கு அதன் டிரைவர் ஐஎஸ்ஓவைத் தனியாக மாட்ட வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் கார்டையே பார்க்காது. அவசரத்துக்கு இ1000 வகையைக் கொடுத்து வேலையை முடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது சிபியுவை வீணாகத் தின்னும், மாற்றிவிடுங்கள். 8.1ஆம் பதிப்பிலிருந்து புதிய விஎம்களின் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், பிசி:24:11 என்று தொடங்கும், அது புரோக்ஸ்மாக்ஸ் தன் பெயரில் பதிவு செய்த தொடக்கம். ரௌட்டரின் டிஎச்சிபி பட்டியலைத் திறந்தால் எது விஎம், எது ஆளின் கைப்பேசி என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். சின்ன விஷயம்தான், எனக்கு மிகவும் பிடித்தது.

நம் ஊருக்கு இந்த மென்பொருள் நன்றாகப் பொருந்துவது, ஒரே கேபிளில் எண் போட்டுப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலேன் விஷயத்தில். டெலிகாம் மலேசியாவின் யூனிஃபை இணையம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த இணைப்பில் இணையம் விலேன் 500இல் வருகிறது, தொலைக்காட்சி 600இல் வருகிறது, இணையத்துக்கு மேலே, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ. அவர்கள் கொடுக்கும் ரௌட்டரை எடுத்துவிட்டு, ஒரு விஎம்மில் ஓபிஎன்சென்ஸ் என்ற ரௌட்டர் மென்பொருளைப் போட்டு அதையே ரௌட்டராக்க நினைத்தால், இந்த எண்களை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். புரோக்ஸ்மாக்ஸில் செய்வது இப்படி: மோடம் பெட்டியிலிருந்து வரும் கேபிளை சர்வரின் இரண்டாவது போர்ட்டில் குத்துங்கள், அந்தப் போர்ட்டுக்கு விஎம்பிஆர்1 என்று ஒரு பிரிட்ஜ் கட்டுங்கள், அந்தப் பிரிட்ஜுக்கு ஐபி எதுவும் வேண்டாம், விலேன் அவேர் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். பிறகு ஓபிஎன்சென்ஸ் விஎம்முக்கு அந்தப் பிரிட்ஜில் ஒரு கார்டு கொடுத்து, விலேன் டேக் என்ற கட்டத்தில் 500 என்று போடுங்கள். முடிந்தது. விஎம்முக்குள் விலேன் பேச்சே வேண்டியதில்லை, அதற்குத் தெரிவது வெறும் கார்டு, அதன் மேல் பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டால் இணையம் வந்துவிடும். பிபிபிஓஇ எட்டு பைட்டை எடுத்துக்கொள்வதால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 என்று இருக்க வேண்டும். சில தளங்கள் திறந்து சில தளங்கள் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அங்கே பாருங்கள்.

இதை வீட்டில் செய்யலாம். ஆபீஸில் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் கர்னல் அப்டேட்டுக்காக சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் அந்த ஐந்து நிமிடம் ஆபீஸ் முழுக்க இணையம் போய்விடும், அப்புறம் ஆளாளுக்கு ஃபோன்.

ஆபீஸில் விலேன் வேறு விதத்தில் உதவுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் கடைவீட்டு மாடியில் ஒரு கணக்காளர் ஆபீஸ், கீழே கடை, மேலே பதினொரு பேர். அங்கே கண்காணிப்பு கேமராக்களும் கணக்கு சர்வரும் வாடிக்கையாளர்களுக்கான வைஃபையும் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தன. காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து வைஃபை கேட்டு வாங்கும் எவரும் கணக்கு சர்வரின் லாகின் திரையைத் தன் கைப்பேசியில் பார்க்கலாம், அந்த நிலைமை. கணக்கு சர்வருக்கு 10, கேமராவுக்கு 20, விருந்தினருக்கு 30 என்று விலேன் பிரித்தோம். சர்வரிலிருந்து ஸ்விட்ச்சுக்கு ஒரே கேபிள், ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட் ட்ரங்க், அதாவது எல்லா விலேனும் சேர்ந்து போகும் வழி. கேமரா பதிவு செய்யும் விஎம்முக்கு டேக் 20, கணக்கு விஎம்முக்கு டேக் 10. விலேன் அவேர் பிரிட்ஜ் இல்லாத காலத்தில் ஒவ்வொரு விலேனுக்கும் தனி பிரிட்ஜ் கட்டி, நாலைந்து பெயர்களை நினைவில் வைத்து அல்லாட வேண்டும். இங்கே பிரிட்ஜ் ஒன்றுதான், மாறுவது எண் மட்டும். அந்த ஆபீஸ் அக்காவிடமே காட்டிக் கொடுத்திருக்கிறேன், புதிய விஎம் போட்டால் எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று அவரே போடுகிறார்.

ஃபயர்வால் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். மூன்று மட்டங்களில் இருக்கிறது: டேட்டாசென்டர் என்று அவர்கள் சொல்லும் மொத்த அமைப்பு, அடுத்து அந்த சர்வர், அடுத்து ஒவ்வொரு விஎம். விஎம்முக்குக் கார்டு சேர்க்கும்போது ஃபயர்வால் என்ற பெட்டி தானாகவே டிக் ஆகியிருக்கும், அதைப் பார்த்துப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், மேல்மட்டத்தில் இயக்கும் வரை அது எதையும் தடுக்காது. அதே சமயம் அந்த டிக் இருந்தாலே விஎம்முக்கும் விஎம்பிஆர்0க்கும் நடுவே எஃப்டபிள்யூபிஆர் என்று தொடங்கும் இன்னொரு குட்டி பிரிட்ஜ் முளைக்கும். டிசிபிடம்ப் போட்டு பாக்கெட்டைத் தேடுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் குழம்ப மாட்டார்கள். விஎம் மட்டத்தில் இயக்கினால் உள்ளே வரும் எல்லாம் இயல்பாகவே தடைபடும், எதற்கு அனுமதி என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். இந்த அமைப்பு நல்லது, வலுவானது, ஆனால் ஆரம்பத்தில் இருப்பவருக்கு இதைப் புரியவைக்கும்படி திரையில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. மூன்று மட்டங்களில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதை ஒரே இடத்தில் காட்டியிருக்கலாம்.

பெரிய குறை என்று நான் சொல்வது இன்னொன்று. நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போது புரோக்ஸ்மாக்ஸ் நேராகக் கை வைக்காது, மாற்றத்தை இன்டர்ஃபேசஸ்.நியூ என்ற தனிக் கோப்பில் எழுதி, எதைச் சேர்த்தோம் எதை எடுத்தோம் என்று கீழே காட்டும், அப்ளை அழுத்தினால்தான் அமலுக்கு வரும், சர்வரை நிறுத்தி எழுப்பவும் தேவையில்லை. இது வரைக்கும் அருமை. ஆனால் அப்ளை அழுத்திய பிறகு தொடர்பு அறுந்தால் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பும் வழி இல்லை. உபுண்டுவில் நெட்பிளான் ட்ரை என்று கொடுத்தால் 120 நொடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே போய்விடும். லினக்ஸை பிரவுசரில் நிர்வகிக்கும் காக்பிட்டில் மாற்றினால் தொடர்பு இருக்கிறதா என்று அதுவே சோதித்து, இல்லையென்றால் திருப்பிவிடும். இத்தனை நல்ல மென்பொருளில் இது மட்டும் ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். சர்வர் பினாங்கின் பட்டர்வொர்த்தில், நான் கோலாலம்பூரில், நடுவில் நாலு மணி நேர நெடுஞ்சாலை. ஒரு எண் தவறாகப் போனால் காரை எடுக்க வேண்டியதுதான்.

அதனால் தொலைவில் இருக்கும் சர்வரில் நான் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் இன்டர்ஃபேசஸ் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வைப்பேன். பிறகு சிஸ்டம்டி-ரன் கட்டளையில் ஐந்து நிமிடம் கழித்து அந்த நகலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நெட்வொர்க் அமைப்பை மறுபடி ஏற்றும் இஃப்ரீலோட் கட்டளையை ஓட்டும்படி ஒரு வேலையை ஏற்றிவிடுவேன். அதற்கு அப்புறம்தான் அப்ளை. தொடர்பு இருந்தால் அந்த வேலையை ரத்து செய்வேன், அறுந்தால் ஐந்து நிமிடம் காத்திருந்தால் சர்வர் தானாகத் திரும்பி வரும். யார் தொலைவிலிருந்து வேலை செய்தாலும் இதைப் பழக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது போர்ட் இருக்கும் சர்வர் என்றால் அதில் நிர்வாகத்துக்கென ஒரு தனி ஐபி வைத்து, அதைத் தொடாமல் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

இடம் மாற்றும்போது வரும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சர்வரைக் கோலாலம்பூரில் வைத்துத் தயார் செய்து பினாங்குக் கிளைக்கு அனுப்புவது எனக்கு வழக்கமான வேலை. நிறுவும்போது டிஎச்சிபி கொடுத்த ஐபியையே புரோக்ஸ்மாக்ஸ் திரையில் நிரப்பிக் காட்டும், ஆனால் அதை நிலையான முகவரியாக எழுதிவிடும். அங்கே போய்ச் செருகினால் அது இன்னும் இங்கத்திய ஐபியையே பிடித்துக்கொண்டிருக்கும். கறுப்புத் திரையில் லாகினுக்கு மேலே இந்த முகவரிக்குப் போங்கள் என்று பழைய ஐபியைக் காட்டும், அங்கே உள்ள ஆள் அதையே பிரவுசரில் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்டர்ஃபேசஸ் கோப்பில் மாற்றினால் போதாது, ஈடிசி அடைவில் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் மாற்ற வேண்டும், டிஎன்எஸ்ஸுக்கு ரிசால்வ்.கான்ஃப் கோப்பையும் பார்க்க வேண்டும். ஹோஸ்ட்ஸ் கோப்பை விட்டுவிட்டால் புரோக்ஸ்மாக்ஸின் சேவைகளே தகராறு செய்யும். அனுப்பும் முன்னேயே கிளையின் ஐபி வரிசையைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் மாற்றி, அணைத்து, பெட்டியில் கட்டிவிட்டால் அங்கே போய்ச் செருகுவதோடு வேலை முடியும்.

வாடகை சர்வரில் கதை வேறு. டேட்டாசென்டரில் மாத வாடகைக்கு எடுத்த சர்வரில் புரோக்ஸ்மாக்ஸ் போட்டு, வீட்டில் செய்வதுபோலவே விஎம்பிஆர்0இல் விஎம்மை மாட்டினால் பல இடங்களில் வேலை செய்யாது. அவர்களின் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டில் ஒரு மேக் முகவரியை மட்டுமே அனுமதிக்கும், விஎம்மின் மேக் வெளியே எட்டிப் பார்த்தவுடன் பாக்கெட்டைத் தூக்கி எறியும். எச்சரிக்கை மின்னஞ்சலும் அனுப்புவார்கள், ஒரு வாடிக்கையாளருக்கு அப்படி வந்தது. அங்கே செய்ய வேண்டியது நாட்தான். போர்ட் எதுவும் சேர்க்காத இன்னொரு பிரிட்ஜ், அதற்கு 10.10.10.1 போல ஒரு உள் ஐபி, ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கும் ஒரு வரி, மாஸ்கரேட் செய்யும் ஒரு ஐபிடேபிள்ஸ் வரி. புரோக்ஸ்மாக்ஸ் ஆவணத்திலேயே இந்த உதாரணம் முழுதாக இருக்கிறது, ஆவணம் எழுதுவதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போஸ்ட்-அப் என்று தொடங்கி, பிரிட்ஜ் எழுந்ததும் ஓடும் அந்த வரிகளுக்குப் பிரவுசர் திரையில் இடமில்லை, கோப்பில் கையால்தான் எழுத வேண்டும். 8.1இலிருந்து முழு ஆதரவு பெற்ற எஸ்டிஎன் என்ற மென்பொருள் நெட்வொர்க் பகுதியில் சிம்பிள் வகை மண்டலம் ஒன்றை உருவாக்கி, அதற்குள் விநெட் என்ற நெட்வொர்க்கும் அதற்கு ஒரு சப்நெட்டும் சேர்த்து, சப்நெட்டில் எஸ்நாட் பெட்டியை டிக் செய்தால் இதே வேலை திரையிலேயே நடக்கும், டிஎன்எஸ்மாஸ்க் நிறுவினால் டிஎச்சிபியும் கிடைக்கும். விநெட் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. விஎக்ஸ்லேன், ஈவிபிஎன் எல்லாமும் அங்கே இருக்கின்றன, பல சர்வர்கள் வைத்திருப்பவர்களுக்கு. ஒரே சர்வர்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

வைஃபையில் ஓட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். வைஃபை கார்டு தன் மேக்கைத் தவிர வேறு மேக்கை அக்சஸ் பாயிண்ட்டுக்கு அனுப்ப முடியாத வகையில்தான் சாதாரணமாக இணைகிறது, அதனால் அதை பிரிட்ஜில் சேர்க்க முடியாது. கேபிள் இழுங்கள்.

கேபிள் என்றதும் கார்டு. கோலாலம்பூரின் லோயாட் கணினி அங்காடியில் இரண்டு மூன்று மாடி ஏறி இறங்கினால் பழைய ஆபீஸ் மினி கணினிகள் நல்ல விலைக்குக் கிடைக்கும், சின்ன சர்வருக்கு அதுவே தாராளம். அவற்றில் பலவற்றில் இன்டெல் ஐ219 வகைக் கார்டு இருக்கும். அதன் இ1000இ டிரைவர் கனமான போக்குவரத்தில் ஹார்ட்வேர் யூனிட் ஹாங் என்று லாகில் எழுதிவிட்டுத் தொங்கிவிடுவது பலரும் சந்தித்த சிக்கல். ஈத்டூல் கட்டளையில் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ என்ற இரண்டு அமைப்புகளையும் அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், அந்த வரியை இன்டர்ஃபேசஸ் கோப்பில் போஸ்ட்-அப் ஆகப் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டாம். வாங்கும்போதே இரண்டு போர்ட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே போர்ட் வைத்துக்கொண்டு பின்னால் யூஎஸ்பி அடாப்டர் மாட்டுவது சர்வருக்கு உகந்தது இல்லை.

காசு விஷயம். மென்பொருள் இலவசம், எல்லா வசதியும் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது, நெட்வொர்க்கில் எதையும் பூட்டி வைக்கவில்லை. சந்தா வேண்டுமென்றால் ஒரு சிபியு சாக்கெட்டுக்கு வருஷத்துக்கு என்று கணக்கு, மிகக் குறைந்த நிலை 100 யூரோவைக் கொஞ்சம் தாண்டும், நம் காசில் ஐந்நூற்றுச் சொச்சம் வெள்ளி. சந்தா இல்லையென்றால் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சந்தா இல்லை என்று ஒரு பெட்டி வரும், அப்டேட்டுக்கு நோ-சப்ஸ்கிரிப்ஷன் என்ற இலவசக் களஞ்சியத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காசு சம்பாதிக்கும் ஆபீஸ் என்றால் சந்தா கட்டிவிடுங்கள் என்றுதான் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். விஎம்வேருக்குக் கட்டியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, நன்கு சோதித்த அப்டேட்டுகளும் கிடைக்கும்.

யாருக்கு இது சரி? ஒன்றிரண்டு சர்வர், லினக்ஸ் கோப்பைத் திறந்து படிக்கத் தயங்காத ஒரு ஆள், கேபிள் போட்ட நெட்வொர்க், இவை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். லினக்ஸே தெரியாது, எல்லாம் மவுஸில்தான் என்பவர்கள் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு தொடங்கட்டும், பிரவுசர் திரை வழவழப்பாக இருந்தாலும் ஒருநாள் அந்தக் கோப்பு வரை போகத்தான் வேண்டியிருக்கும். மடிக்கணினியில் இரண்டு விஎம் ஓட்டிப் பார்க்க விர்ட்-மேனேஜரே போதும்.

8இல் இருப்பவர்கள் 9க்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். புதிய கர்னல் வரும்போது கார்டின் பெயர் மாறிவிடலாம், இஎன்பி3எஸ்0 என்று இருந்தது இஎன்பி4எஸ்0 ஆகிவிட்டால் பிரிட்ஜில் சேர்த்த பெயருக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போய், சர்வர் நெட்வொர்க்கில் இருந்தே காணாமல் போகும். இப்போதைய பெயரையும் மேக் முகவரியையும் ஒரு தாளில் எழுதி சர்வர் மேலேயே ஒட்டுங்கள், பிவிஇ8டு9 சோதனை நிரலை ஓட்டி எச்சரிக்கைகளைப் படியுங்கள், அப்டேட் செய்யும் நேரத்தில் திரையும் கீபோர்டும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். 9இல் பெயரை நிலையாகக் கட்டிவைக்க ஒரு கருவி கூடவே வருகிறது, மேம்படுத்தி முடித்ததும் அதை ஓட்டிவிட்டால் அடுத்த கர்னலுக்கு இந்தப் பயம் இல்லை.